தொய்வு யாருடைய பக்கத்தால் வந்தது?

கடந்த மாதம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு வவுனியாவிலிருந்து என் தங்கை அழைத்தாள். மகனுக்கு மறுபடியும் இழுப்பு வந்துவிட்டது. வைத்தியசாலையில் நெபுலைசர் பிடித்து, மூச்சு சீரான பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். பிள்ளை உறங்கிவிட்டான் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அண்ணா, இது எங்கட பக்கத்தால வந்ததெண்டு மாமி சொல்லுறா. அம்மம்மாவுக்குத் தொய்வு இருந்தது தானே, இல்லையெண்டு சொல்லேலாது. என்னால தான் பிள்ளை இந்தப் பாடு படுறானே?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. "இப்ப வயித்தில இருக்கிறதுக்கும் வருமே?"

நான் வைத்தியன் அல்ல. உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். பரம்பரை அலகு, நிறமூர்த்தம் என்று பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். ஆனாலும் அன்றிரவு "அப்படியெல்லாம் யோசியாத, படு" என்பதற்கு மேல் எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்டவை ஆறுதல் வார்த்தையோடு முடிகிற கேள்விகள் அல்ல. அதன் பிறகு இது பற்றித் தேடி வாசித்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியைச் சுமந்துகொண்டு கிளினிக் வாசலில் காத்திருக்கும் தாய்மார் நம்மிடையே பலர்.

கிரந்தி உடம்பு

எங்கள் ஊர்ப் பேச்சில் 'கிரந்தி உடம்பு' என்று ஒரு சொல் உண்டு. நண்டு, இறால், கத்தரிக்காய், அன்னாசி என்று எதையாவது தின்றால் தடித்துச் சொறிகிற உடம்புக்கு அந்தப் பெயர். "அவளுக்குக் கிரந்தி உடம்பு, பார்த்துக் குடு" என்று அம்மம்மா சொல்வா. வைத்தியம் என்ற வகையில் அந்தப் பேச்சில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பது வேறு கதை. ஆனால் ஒரு விடயத்தை அந்தச் சொல் சரியாகப் பிடித்திருக்கிறது. அது ஒரு நோயின் பெயர் அல்ல. நோய்க்கு இடம் கொடுக்கிற உடம்பின் பெயர்.

மருத்துவ உலகம் இதே இடத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1906இல் ஒஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். 1916இல் நியூயோர்க்கில் குக், வான்டர் வீர் என்ற இரு மருத்துவர்கள் ஒவ்வாமையுள்ள 504 பேரின் குடும்பங்களை விசாரித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரின் குடும்பங்களில் வேறு யாருக்காவது ஒவ்வாமை இருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தாய்க்கு இருந்த அதே ஒவ்வாமை பிள்ளைக்கும் வந்தாக வேண்டும் என்றில்லை. தாய்க்குத் தும்மல், மகனுக்குத் தொய்வு, மகளுக்குக் கரப்பன் என்று அது வேடம் மாறி வரலாம். இந்தப் பரம்பரைச் சாய்வுக்கு 1923இல் 'அட்டொப்பி' என்று பெயரிட்டார்கள்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிருமிகளோடு போராட எமது நிர்ப்பீடனத் தொகுதி பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. அவற்றில் 'ஐஜிஈ' என்பதும் ஒன்று. 1960களின் பிற்பகுதியில்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளுக்கு எதிராகப் பயன்படுகிற ஆயுதம் இது. ஒவ்வாமையுள்ள உடம்பு இதே ஆயுதத்தை வீட்டுத் தூசி உண்ணி, இறால், கச்சான் போன்ற தீங்கற்றவற்றின் மீது திருப்பிவிடுகிறது. அந்தப் பொருள் அடுத்த முறை வரும்போது மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. மூக்கில் அது நடந்தால் தும்மல். தோலில் நடந்தால் தடிப்பு. சுவாசக் குழாயில் நடந்தால் இழுப்பு.

இந்த ஆயுதத்தை அவசரப்பட்டுத் தூக்குகிற சுபாவந்தான் பரம்பரையில் வருவது. நோய் அப்படியே கைமாறி வருவதில்லை.

பட்டாணிக் கணக்கு சரிவராது

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பரம்பரையியலை மெண்டலின் பட்டாணிச் செடியோடு தொடங்குகிறோம். நெட்டை அல்லது குட்டை, உருண்டை அல்லது சுருக்கம். ஒரு பரம்பரை அலகு, ஒரு இயல்பு. அதைப் படித்தவர்களின் மனதில், நோயும் அப்படித்தான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. நானும் அதில் குற்றவாளிதான். தங்கையின் மாமி பள்ளிக்கூடத்தில் மெண்டலைப் படித்திருக்கமாட்டா. ஆனால் அவவின் கணக்கும் பட்டாணிக் கணக்கே.

மனித டி.என்.ஏ.யில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. பொதுவான மேற்கோள் வரிசை ஒன்றோடு ஒப்பிட்டால், ஒவ்வொருவரின் டி.என்.ஏ.யும் 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை எதையும் செய்வதில்லை. சில மட்டும் ஒரு புரதத்தைச் சற்றுக் கூட்டுகின்றன, குறைக்கின்றன, அல்லது உருமாற்றுகின்றன. ஒவ்வாமை தொடர்பான மாற்றங்கள் இந்தச் சிலவற்றுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் டி.என்.ஏ. அலசப்பட்டது. தொய்வு, ஒவ்வாமை மூக்கழற்சி, கரப்பன் ஆகிய மூன்றையும் ஒன்றாக எடுத்துப் பார்த்தபோது, ஆபத்தைக் கூட்டும் 136 மாற்றங்கள் தெரியவந்தன. அவற்றில் மிகச் சிலதான் ஒரு நோய்க்கு மட்டும் உரியவை. மற்றவை மூன்று நோய்களுக்கும் பொதுவானவை. ஒரே குடும்பத்தில் ஒவ்வாமை ஏன் வேடம் மாறி வருகிறது என்று 1916இல் எழுந்த புதிருக்கு, ஒரு நூற்றாண்டின் பின்னர் கிடைத்த விடை இது.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஆபத்தை மிகச் சிறிதளவே கூட்டுகின்றன. எவரிடமும் இவை ஒன்றுகூட இல்லாமல் இருக்க வாய்ப்பில்லை. பிள்ளை தன் டி.என்.ஏ.யில் பாதியைத் தாயிடமும் பாதியைத் தகப்பனிடமும் பெறுகிறது. தனக்கு எந்த நோயும் இல்லாத ஒருவர் ஒரு கைப்பிடி மாற்றங்களைச் சுமக்கலாம். அவருடைய துணையும் இன்னொரு கைப்பிடியைச் சுமக்கலாம். இரண்டும் ஒரு பிள்ளையில் சேரும்போதுதான் பாரம் தெரியும். 'இது இன்னார் பக்கத்தால் வந்தது' என்று ஒரு பக்கத்தை மட்டும் சுட்டுகிற விரலுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

அப்படியானால் பரம்பரையின் பங்கு எவ்வளவு? இதை அறிய இரட்டையர் ஆய்வுகள் உதவுகின்றன. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கச்சான் ஒவ்வாமை உள்ள 58 இரட்டையர் சோடிகளைப் பார்த்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில், ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தால் மற்றவருக்கும் இருந்த சோடிகள் 64 வீதம். வெவ்வேறு கருவிலிருந்து வந்த இரட்டையரில் அது 7 வீதம் மட்டுமே. பரம்பரையின் கை வலுவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்த 64ஐ மறுபக்கமிருந்தும் வாசிக்க வேண்டும். முதல் வகைச் சோடிகளுக்கு டி.என்.ஏ. ஒன்று, வீடு ஒன்று, தாயின் சமையலும் ஒன்று. அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சோடிகளில் ஒருவருக்கு இருந்த ஒவ்வாமை மற்றவருக்கு இருக்கவில்லை. எல்லாம் பரம்பரைதான் என்றால் அந்த எண் 100 ஆக இருந்திருக்க வேண்டும்.

வேலியும் படலையும்

சிறு மாற்றங்களின் கூட்டத்தில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. அது 'ஃபிலாகிரின்' என்ற தோற்புரதத்தை ஆக்கும் பரம்பரை அலகில் ஏற்படும் மாற்றம். 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் தலைமையிலான குழுவினர், இந்தப் புரதத்தை ஆக்கவிடாமல் தடுக்கும் மாற்றங்களுக்கும் கரப்பனுக்கும் உள்ள வலுவான தொடர்பைக் காட்டினார்கள். அவ்வகை மாற்றத்தை ஐரோப்பியரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் சுமக்கிறார்.

ஃபிலாகிரின் செய்யும் வேலையை எங்கள் கிடுகு வேலியை நினைத்தால் விளங்கிக்கொள்ளலாம். கிடுகுகளை இறுக்கிக் கட்டினால் காற்றும் தூசியும் உள்ளே வராது, வளவின் ஈரமும் காக்கப்படும். தோலின் மேற்படையில் கலங்களை இறுக்கி, ஈரத்தைப் பிடித்து வைக்கிற கட்டு ஃபிலாகிரின். அது குறைந்தால் வேலி தளர்கிறது. தோல் வறண்டு வெடிக்கிறது. பொட்டுகள் விழுகின்றன.

அந்தப் பொட்டுகளால் உள்ளே போவது கிருமி மட்டுமல்ல. காற்றில் மிதக்கும் உணவுத் துகளும் தூசி உண்ணியின் கழிவும் போகின்றன. லண்டன் குழந்தை மருத்துவர் கிடியோன் லாக் முன்வைத்த கருத்து இங்கே முக்கியமானது. ஓர் உணவு வாய்வழியாக வந்தால், அதைப் பொறுத்துக்கொள்ள உடம்பு பழகுகிறது. அதே உணவு வெடித்த தோல்வழியாக நுழைந்தால் உடம்பு அதை எதிரியாகக் குறித்து வைக்கிறது. படலையைத் திறந்து வருகிறவர் விருந்தாளி. முன்பின் தெரியாதவர் வேலிப் பொட்டால் புகுந்தால் நாய் குரைக்கத்தான் செய்யும்.

குழந்தைப் பருவத்தில் கரப்பன், அடுத்து உணவு ஒவ்வாமை, பள்ளிக்கூட வயதில் தொய்வு என்று பல பிள்ளைகளில் நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு இது ஒரு காரணம். தங்கையின் மகனுக்கும் அப்படித்தான். ஆறு மாதத்தில் கன்னத்தில் கரப்பன். நான்கு வயதில் முதல் இழுப்பு.

இந்தப் படலைக் கதை வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. பிரித்தானியாவில் வாழும் யூதப் பிள்ளைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. கச்சான் ஒவ்வாமை முதற்கூட்டத்தில் 1.85 வீதம், இரண்டாம் கூட்டத்தில் 0.17 வீதம். பரம்பரை கிட்டத்தட்ட ஒன்று, ஆபத்தில் பத்து மடங்கு வித்தியாசம். இஸ்ரேலில் தவழும் வயதிலேயே பிள்ளைகள் கச்சான் கலந்த ஒருவகைப் பொரியைத் தின்னத் தொடங்குகிறார்கள். பிரித்தானியாவிலோ கச்சானைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள்.

அதைப் பரிசோதிக்க லாக்கின் குழுவினர் கடுமையான கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை எடுத்தார்கள். வயது 4 முதல் 11 மாதம். ஒரு பாதிக்குக் கச்சானைச் சிறுவர்களுக்கு ஏற்ற வடிவில் தொடர்ந்து கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. 2015இல் முடிவு வெளியானது. ஐந்து வயதில், தவிர்த்த பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினருக்கு ஒவ்வாமை. தின்ற பிள்ளைகளில் சுமார் 3 வீதம். அந்தப் பிள்ளைகளின் டி.என்.ஏ.யில் எதுவும் மாறவில்லை. சாப்பாடு வந்த வழியும் காலமும்தான் மாறின.

ஃபிலாகிரின் மாற்றத்தின் ஒரு பிரதியைச் சுமக்கும் பலருக்கு ஆயுள் முழுவதும் கரப்பன் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரப்பன் உள்ள பலரிடம் அந்த மாற்றமே இல்லை. மிக வலுவான பரம்பரை அலகின் நிலையே இதுவென்றால், மற்றவற்றின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ஒரே வேர், வேறு வளவு

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. இரண்டும் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவை, பரம்பரையில் மிக நெருக்கமானவை. பெரிய குடும்பம், ஒத்த உணவு, நீண்ட காலத் தாய்ப்பால் என்று வாழ்க்கையும் பெரிதாக வேறுபடாது. வித்தியாசம் பண்ணையில்தான். ஆமிஷ் மக்கள் குதிரை கட்டி உழுகிறார்கள். மாட்டுக் கொட்டில் வீட்டோடு ஒட்டியிருக்கிறது, பிள்ளைகள் அதற்குள்ளேயே வளர்கிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணைகள் இயந்திரமயமானவை, குடியிருப்பிலிருந்து தள்ளியிருப்பவை.

2016இல் வெளியான ஆய்வின்படி ஆமிஷ் பிள்ளைகளில் தொய்வு 5.2 வீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 வீதம். இரு சமூகத்து வீடுகளின் தூசியையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கொட்டில் நுண்ணுயிர்ச் சத்து நிறைந்த ஆமிஷ் தூசி எலிகளைத் தொய்விலிருந்து காத்தது. மற்றது காக்கவில்லை. சிறுவயதில் சந்திக்கும் நுண்ணுயிர்கள் நிர்ப்பீடனத்தைப் பொறுமை பழக்குகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

எங்கள் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் புகை. 2007இல் பதினேழாவது நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியில் உள்ள மாற்றங்கள் சிறுவயதுத் தொய்வோடு தொடர்புடையவை என்று கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்ஸ் குடும்பங்களில் நடத்திய ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. அந்த மாற்றங்களால் வரும் ஆபத்து, சிறுவயதில் வீட்டில் சிகரெட் புகையைச் சுவாசித்தவர்களில் மேலும் பெருகியிருந்தது. பரம்பரை அலகு வெடிமருந்து என்றால் புகை நெருப்புக்குச்சி. வெடிமருந்தை எங்களால் எடுத்தெறிய முடியாது. நெருப்புக்குச்சி எங்கள் கையில் இருக்கிறது.

பரிசோதித்துப் பார்க்கலாமா?

தங்கை கேட்காத, ஆனால் வெளிநாட்டு உறவுகள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்வி இது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் டி.என்.ஏ. பார்த்துச் சொல்கிற நிறுவனங்கள் இருக்கின்றனவே, அதில் பிள்ளைக்குத் தொய்வு வருமா என்று தெரியாதா?

இன்றைய நிலையில் பயனுள்ள பதில் எதுவும் அதில் கிடைக்காது. நூற்றுக்கு மேற்பட்ட சிறு மாற்றங்களைக் கூட்டிப் பார்த்தாலும் ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. அத்தோடு இந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் மிகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். ஐரோப்பியரில் பரவலாக உள்ள ஃபிலாகிரின் மாற்றங்கள் ஆசியரில் அரிது. ஆசியரில் வேறு மாற்றங்கள் காணப்படுகின்றன. அவர்களை வைத்துத் தைத்த சட்டை எங்களுக்கு அளவாக இருக்காது. தாய், தகப்பன், கூடப்பிறந்தோரின் நோய் விபரத்தை வைத்தியர் கேட்டு எழுதுவதே இன்னமும் சிறந்த பரிசோதனை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில மருந்துகளுக்கு உடம்பு காட்டும் கொடிய எதிர்விளைவை ஒரே ஒரு பரம்பரை அலகு பெருமளவு தீர்மானிக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் ஓர் உதாரணம். தோல் தீக்காயம்போல் உரிந்துவிடும் உயிராபத்தான விளைவு சிலருக்கு இதனால் ஏற்படுவதுண்டு. 2004இல் தாய்வானில் அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 நோயாளரைப் பார்த்தபோது, 44 பேரிடமும் 'எச்.எல்.ஏ-பி 15:02' என்ற வகை இருந்தது. இந்த வகை ஆசியாவின் சில பகுதி மக்களிடையே கூடுதலாக இருப்பதால், ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைத் தொடங்குமுன் பரிசோதிக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் அறிவுறுத்தியது. எச்.ஐ.வி. மருந்தான அபகவிருக்கும் இதேபோன்ற பரிசோதனை உண்டு. அங்கே பரிசோதனை உயிரைக் காக்கிறது. தொய்வில் அது காசைத்தான் கரைக்கும்.

தங்கைக்குச் சொன்னது

ஒரு ஞாயிறு பின்னேரம் அவளை அழைத்தேன். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் வருமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொன்னேன். குடும்பத்தில் இல்லாத பிள்ளையைவிட வாய்ப்புக் கூட. ஆனால் வந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை. மூத்தவனுக்கு வந்ததால் இளையதுக்கும் வந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

பிறகு செய்யக்கூடியவற்றைச் சொன்னேன். வைத்தியர் தந்த தடுப்புப் பம்பை, இழுப்பு இல்லாத நாட்களிலும் நிறுத்தக் கூடாது. 'பம்ப் பழகிவிடும்' என்ற பேச்சை நம்பக் கூடாது. வீட்டுக்குள்ளும் விறாந்தையிலும் சிகரெட் கூடாது. விறகடுப்பு எரிகிற நேரம் பிள்ளை குசினிக்குள் நிற்கக் கூடாது. புதுப் பிள்ளைக்குத் திட உணவு தொடங்கும் வயதில் முட்டை, கச்சான் போன்றவற்றைப் பயத்தில் தள்ளிவைக்க வேண்டாம். கடுமையான கரப்பன் இருந்தால் மட்டும் வைத்தியரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். முழுக் கச்சான் சிறு பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும், அரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

பிறந்த நாளிலிருந்து களிம்பு பூசினால் கரப்பன் வராதா என்று கேட்டாள். அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. பிரித்தானியாவில் 1,394 குழந்தைகளை வைத்துச் செய்து, 2020இல் வெளியான பெரிய பரிசோதனையில் அது தடுக்கவில்லை. ஆனால் வந்துவிட்ட கரப்பனுக்குத் தோலை ஈரமாக வைத்திருப்பதுதான் முதல் மருந்து.

நான் பேசிக்கொண்டிருந்தது ஒலிபெருக்கியில் என்பது எனக்குத் தெரியாது. இருந்தாற்போல் மாமியின் குரல் வந்தது.

"அப்ப தம்பி, இவன் விறாந்தையில நிண்டு பத்துறதும் கூடாதோ?"

"கூடாது மாமி."

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு அவவே தொடர்ந்தா. "இவனுக்கும் சின்னனில முழங்கை மடிப்புக்குள்ள ஒரே கரப்பன். வேப்பிலை அவிச்சு வார்த்து வார்த்து என்ர கை ஓய்ஞ்சு போச்சு. நாங்கள் அதைக் கிரந்தியெண்டு விட்டிட்டம்."

தங்கை எதுவும் சொல்லவில்லை. கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு மாமி, "தம்பி, அந்தப் பம்ப் விசயத்தை இன்னொருக்காச் சொல்லும்" என்றா.